லிஃப்டில் சாகாத சிஸ்டர் பெக்

ரேலீன் டோபினைத் தொலைக்காட்சியில் முதன்முதலில் பார்த்தவர்கள் பிணமாகத்தான் பார்த்தார்கள். எழுபத்து நாலாம் வருடம் ஜூலை மாதம், ஒரு போலீஸ் தொடருக்காக மெல்போர்னின் யாரா ஆற்றங்கரைச் சேற்றில் அவள் மல்லாந்து கிடந்தாள். ஆஸ்திரேலியாவில் ஜூலை குளிர்காலம், எலும்பு வரை இறங்குகிற குளிர். மூச்சு விடக்கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் அவளுக்குச் சொல்லப்படவில்லை. மூன்று முறை தும்மினாள். நாலாவது டேக்கில் இயக்குநர் போதும் என்றார்.

தொடர் ஒளிபரப்பான மறுநாள் பல்லாரட்டிலிருந்து அம்மா மேவிஸ் போன் செய்தாள்.

"பாத்தேன்டி. செத்துக் கிடந்தது நல்லாத்தான் இருந்துச்சு. உள்ளங்காலைக் கழுவிட்டுப் படுத்திருக்கலாம்."

"சேத்துல கிடக்குற பொணம்மா அது."

"இருந்தாலும். பக்கத்து வீட்டு ஜாய்ஸும் உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா."

மேவிஸ் பள்ளிக்கூடக் கேன்டீனில் சாண்ட்விச் போடுகிறவள். பத்தொன்பது வயதில் மகள் வந்து நடிகையாகப் போகிறேன் என்று சொன்னபோது, "யாரு கேட்டா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். ரேலீன் மெல்போர்னுக்கு ரயில் ஏறி, ஒரு செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தாள்.

கேட்டவர்கள் எல்லோரும் பிணத்துக்குத்தான் கேட்டார்கள். மூன்று வருடத்தில் ஏழு முறை செத்தாள். நீரில் மூழ்கி, விஷம் குடித்து, கார் டிக்கியில் அடைபட்டு, ஒரு முறை காரணமே சொல்லப்படாமல். அவளுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் மெர்வுடைய அலுவலகம் செயின்ட் கில்டாவில் ஒரு மீன் வறுவல் கடைக்கு மேலே இருந்தது. அங்கே போய்வந்தால் இரண்டு நாளைக்குத் தலையில் எண்ணெய் வாசனை போகாது.

"வருத்தப்படாத கண்ணு. இது எல்லாருக்கும் வராது" என்றார் மெர்வ். "போன வாரம் ஒரு பய செத்துக்கிடக்குறப்போ கொசு கடிச்சுதுன்னு சொறிஞ்சுட்டான்."

"எனக்குப் பேசணும் மெர்வ்."

"பேசத்தான் ஊரெல்லாம் ஆள் இருக்கே."

எழுபத்தேழின் கடைசியில் 'ஹார்க்னெஸ் வார்டு' என்ற மருத்துவமனைத் தொடரில் அவளுக்குப் பேச்சு கிடைத்தது. "டாக்டர், மூணாம் கட்டில்" என்று ஒரு வசனம். அதைக் கண்ணாடி முன்னால் பல விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அதற்கிடையில் தலைமை நர்ஸ் சிஸ்டர் பெக்காக நடிக்க இருந்த பெண், படப்பிடிப்புக்கு நாலு நாள் இருக்கும்போது, லண்டனில்தான் தனக்கு எதிர்காலம் என்று விமானம் ஏறிவிட்டாள். அவள் அளவுக்குத் தைத்த வெள்ளை உடை மட்டும் கொக்கியில் தொங்கியது. போட்டுப் பார்த்ததில் அது ரேலீனுக்குக் கச்சிதமாக இருந்தது.

தயாரிப்பாளர் காலின் ஸ்ட்ராங் அவளை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். "இன்னொண்ணு தைக்க நேரமில்ல. நீயே பண்ணிடு" என்றார்.

அப்படித்தான் அவள் சிஸ்டர் நோரா பெக் ஆனாள். பத்து வருடத்துக்கு மேல்.

வாரத்துக்கு ஐந்து பகுதிகள். செட்டின் சுவர்கள் ஒட்டுப்பலகை என்பதால் கதவை வேகமாகச் சாத்தினால் வார்டே ஆடும். அதனால் ஹார்க்னெஸ் மருத்துவமனையில் டாக்டர், நோயாளி, சண்டைக்கு வருகிற மாப்பிள்ளை என்று யாராக இருந்தாலும் கதவைப் பூப்போலத்தான் சாத்தியாக வேண்டும். மருத்துவமனை என்றால் இப்படியல்லவா அமைதியாக இருக்க வேண்டும் என்று மக்கள் கடிதம் எழுதினார்கள்.

நாடி பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஓர் உண்மையான நர்ஸ் வந்து போனாள். விரலை எங்கே வைப்பது என்பது ரேலீனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நோயாளியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, நெஞ்சில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்து, தேநீர் இடைவேளைக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று எண்ணுவாள். 'கவலை கலந்த கண்டிப்பு' என்று அந்த முகத்தைப் பத்திரிகைகள் எழுதின.

சிஸ்டர் பெக் கத்துகிறவள் இல்லை. கோபம் வந்தால் குரலை ஒரு படி இறக்குவாள். டாக்டர்கள் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்தக் குரல் ரேலீனின் சொந்தச் சரக்கு இல்லை. கேன்டீனில் வரிசையை முந்துகிற பிள்ளைகளிடம் மேவிஸ் பேசுகிற குரல் அது. இதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

மேவிஸுக்கு ஒரு சமயம் காலில் ஆறாத புண். டாக்டரைப் பார் என்று ரேலீன் போனில் பத்து மாதம் கெஞ்சினாள். "தானா வந்துச்சு, தானா போகும்" என்பது பதில். ஒரு புதன்கிழமைப் பகுதியில், காலில் புண்ணை வைத்துக்கொண்டு தோட்டவேலை செய்த கிழவர் ஒருவரைச் சிஸ்டர் பெக் ஒரு பிடி பிடித்தாள். வியாழக்கிழமை காலையில் மேவிஸ் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொன்னப்போ ஏம்மா போகல?"

"நீ சொன்னே. சிஸ்டர் பெக் மாதிரியா சொன்னே?"

"சிஸ்டர் பெக்கே நான்தானே."

"அவங்களுக்கு உத்தியோகம் அதுடி. உனக்கென்ன தெரியும்?"

கறிக்கடையில், தபால் நிலையத்தில், டிராமில் பெண்கள் சட்டைக்கையைச் சுருட்டித் தடிப்பைக் காட்டுவார்கள். ஆரம்பத்தில் ரேலீன் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் நர்ஸ் இல்லீங்க. நடிக்கிறேன்."

"அது தெரியாதாம்மா? சும்மா ஒரு பார்வை பாத்துச் சொல்லேன்."

ஆறு மாதத்தில் விளக்கத்தை விட்டுவிட்டாள். தடிப்பைக் கூர்ந்து பார்த்து, "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பாள். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபித்துக்கொள்ளக் கூடியவர்கள் நன்றி சொல்லிப் போனார்கள்.

எண்பத்திரண்டில் ஒரு சினிமா வாய்ப்பு வந்தது. புரோக்கன் ஹில்லுக்கு அப்பால், ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் நடக்கிற கதை. சமையல்காரியாக ரேலீன். காலினிடம் ஆறு வாரம் விடுப்பு வாங்கினாள். அந்த ஆறு வாரமும் சிஸ்டர் பெக் தாஸ்மேனியாவில் தங்கையைப் பார்க்கப் போனதாக வைத்துக்கொண்டார்கள். அதுவரை அவளுக்குத் தங்கை கிடையாது.

அங்கே ஈக்கள் கண்ணிலும் காதிலும் மொய்த்தன. வாயைத் திறந்தால் உள்ளேயும் போயின. படத்தில் அவளுக்கு ஒரு நீண்ட காட்சி இருந்தது. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே, கிணற்றில் விழுந்து இறந்துபோன பிள்ளையைப் பற்றி அவள் பேச வேண்டும். ஒரே டேக்கில் பேசி முடித்தாள். முடித்தபோது கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈயாகவும் இருக்கலாம். ஆனால் இயக்குநர் டங்கன் வந்து அவள் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன்னால் இது முடியும் என்று ரேலீனுக்கு அன்றைக்குத் தெரிந்தது. அது நல்ல நாள்.

படம் வெளியானபோது முதல் காட்சிக்கு மேவிஸ் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு பல்லாரட்டிலிருந்து வந்திருந்தாள். படம் நீண்டுவிட்டது என்று எங்கேயோ வெட்டியிருந்தார்கள். வெட்டியது அந்தக் காட்சியை. ரேலீன் படத்தில் மொத்தம் ஒன்பது வினாடி இருந்தாள், முதுகைக் காட்டியபடி மாவு பிசைந்துகொண்டு. வெளியே வந்ததும் மேவிஸ் கோட்டின் பொத்தானைப் போட்டாள்.

"அது நீதானே? முதுகை வெச்சே கண்டுபிடிச்சுட்டேன்."

"ஆமாம்மா."

"நல்லாப் பிசைஞ்சே."

ஒரு செய்தித்தாள் விமர்சனத்தில் 'மாவு பிசையும் காட்சியில் உண்மை இருக்கிறது' என்று வந்திருந்தது. ரேலீன் அதைக் கத்தரித்து வைத்தாள். திங்கட்கிழமை வெள்ளை உடையைப் போட்டுக்கொண்டு, தாஸ்மேனியாவிலிருந்து திரும்பி வந்தாள். தங்கையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

எண்பத்தாறில் பார்வையாளர் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலின் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் லாமிங்டன் கேக் இருந்தது. காலின் கேக் வாங்கினால் யாரோ சாகப்போகிறார்கள் என்று வார்டு முழுக்கத் தெரியும்.

"உக்காரு ரே. எப்படிப் போகணும்னு உனக்கு ஏதாவது ஆசை இருக்கா?"

"சொன்னா செய்வீங்களா?"

"இல்ல, எழுதியாச்சு. லிஃப்ட்."

"லிஃப்டுக்கு என்ன?"

"அறுந்து விழுது. ஆறாவது மாடியிலேர்ந்து."

"நம்ம ஆஸ்பத்திரி ஒரே மாடிதானே காலின்?"

"ஆறு மாடின்னு அடுத்த வாரம் ஒரு டாக்டர் சொல்லிடுவாரு. கேக் எடுத்துக்கோ."

அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மெர்வுக்குப் போன் போட்டாள். "முப்பத்தாறு வயசெல்லாம் ஒரு வயசா?" என்ற மெர்வ், அவளுக்கு முப்பத்து நாலுதான் என்று அவள் சொன்னதும், "பாத்தியா, இன்னும் நல்லது" என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலை கோபர்க் சூப்பர்மார்க்கெட்டில், டப்பாப் பழங்கள் அடுக்கிய வரிசையில், அதோல் பிட்ஜன் என்ற ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் பீச் பழ டப்பாவை எடுக்கக் கை நீட்டினார். நீட்டியபடியே சரிந்து விழுந்தார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரு பெண் வீலென்று கத்தினாள். இருபது பேர் கூடினார்கள். கூடிய இருபது பேரும் அதோலைப் பார்க்கவில்லை. வரிசைக் கோடியில் தள்ளுவண்டியோடு நின்ற ரேலீனைப் பார்த்தார்கள்.

"சிஸ்டர் பெக் இருக்காங்க! வழி விடுங்கப்பா, வழி விடுங்க!"

வழி விட்டார்கள். ரேலீனுக்கு ஒன்றும் தெரியாது. நாடி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். தள்ளுவண்டி குறுக்கே நின்றது. கூட்டத்தின் முகங்களைப் பார்த்தாள். எல்லா முகமும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஒரு முகம் மட்டும் அப்படி இல்லை. நீலச் சட்டை போட்ட ஒரு மீசைக்காரர், கையைப் பிசைந்தபடி, முன்னே ஓர் அடியும் பின்னே ஓர் அடியும் வைத்துக்கொண்டிருந்தார்.

ரேலீன் குரலை ஒரு படி இறக்கினாள்.

"நீலச் சட்டை. இங்க வாங்க."

அவர் வந்தார்.

"உங்களுக்குத் தெரியும்தானே?"

"யூனியன்ல ஒரு க்ளாஸ் எடுத்தாங்க சிஸ்டர். ரெண்டு வருஷமாச்சு. மறந்து போச்சு."

"மறக்கல. முட்டி போடுங்க. கையை வைங்க. எங்க வைக்கச் சொன்னாங்களோ அங்க."

மீசைக்காரர் முட்டி போட்டு, நெஞ்சில் கையை வைத்து அழுத்தத் தொடங்கினார். ரேலீன் சத்தமாக எண்ணினாள். எண்ணத் தெரியும். ஒருவரை ஆம்புலன்சுக்குப் போன் செய்ய அனுப்பினாள். இன்னொருவரை வாசலில் நிற்கச் சொன்னாள். "என்னால முடியல சிஸ்டர், ஏதோ முறிஞ்ச சத்தம் கேட்டுச்சு" என்று மீசைக்காரர் அழாத குறையாகச் சொன்னபோது, "முறிஞ்சா ஒட்டும். நிறுத்தாதீங்க" என்றாள். அது எண்பத்து மூன்றாம் வருடம் தொடரில் அவள் பேசிய வசனம். நல்லவேளையாகச் சரியாகவும் இருந்தது.

ஒன்பது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அதோலுக்கு மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ்காரர் ஆட்களை விலக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்து, "இனி நாங்க பாத்துக்குறோம் சிஸ்டர்" என்றார். அவள் தலையசைத்தாள். தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தாள். அங்கே ஒரு சிமென்ட் மேட்டில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இருந்தது.

திங்கட்கிழமை செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில் 'உயிரைக் காப்பாற்றினார் சிஸ்டர் பெக்' என்று அவள் படத்தோடு வந்தது. அழுத்தியவர் பெயர் இல்லை. ரேலீன் செய்தித்தாளுக்குப் போன் செய்து, அவர் ஸ்பிரோ கராவாஸ், குழாய் பொருத்துகிறவர், காப்பாற்றியது அவர்தான் என்று எழுத்துக்கூட்டிச் சொன்னாள். மறுநாள் நாய்ப் பந்தய முடிவுகளுக்குக் கீழே மூன்று வரித் திருத்தம் போட்டார்கள். அதிலும் பெயர் தப்பு.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்கே போனாள். கதவைத் திறந்தது ஸ்பிரோவின் அம்மா டெஸ்பினா. அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் ஹார்க்னெஸ் வார்டை ஒரு நாளும் விட்டதில்லை. சிஸ்டர் பெக்கையே வாசலில் பார்த்ததும் உள்ளே இழுத்து உட்காரவைத்து, முதலில் தேன் பலகாரத் தட்டை வைத்து, அடுத்ததாகத் தன் முட்டியைக் காட்டினாள்.

"டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்றாள் ரேலீன்.

டெஸ்பினா வெற்றியோடு மகனைப் பார்த்தாள். "கேட்டியா? நான் சொன்னா மட்டும் கூட்டிட்டுப் போக மாட்டே!"

ஸ்பிரோ தலையைச் சொறிந்தார். "பேப்பரை விடுங்க சிஸ்டர். என் பேரு டெலிபோன் பில்லுலயே தப்பாத்தான் வருது."

"காப்பாத்துனது நீங்க."

"நீங்க கூப்பிடலைன்னா நான் தக்காளி டப்பா பக்கம் ஓடிருப்பேன். சத்தியமா சொல்றேன். திரும்பிட்டேன் அப்பவே."

அதோல் பிட்ஜனும் மருத்துவமனையிலிருந்து கடிதம் எழுதியிருந்தார். உயிருக்கு நன்றி என்று ஒரு வரி. இரண்டு விலா எலும்பு முறிந்ததைப் பற்றி நாலு வரி. தன் தள்ளுவண்டியிலிருந்த சாமான்களை யார் எடுத்துப்போனது என்று மீதிப் பக்கம்.

இதற்கெல்லாம் பிறகு சிஸ்டர் பெக்கை லிஃப்டில் தள்ள முடியாது என்று காலினுக்குப் புரிந்தது.

"லிஃப்ட் விழும். ஆனா ரெண்டடி மட்டும்" என்றார். "கணுக்கால் சுளுக்கு. ரெண்டு வருஷ ஒப்பந்தம். சந்தோஷமா?"

"எனக்கு ஒரு காட்சி வேணும் காலின்."

"என்ன காட்சி?"

"சிஸ்டர் பெக் ஒருத்தரைக் காப்பாத்திட்டு வெளிய வந்து உக்காரணும். எந்திரிக்க முடியக்கூடாது."

காலின் பேனாவை மூடினார். "சிஸ்டர் பெக் உக்கார மாட்டாங்க ரே. ஒம்பது வருஷத்துல உக்காந்ததே இல்ல. ஜனங்க பயந்துடுவாங்க."

"அப்போ லிஃப்டை ஆறாவது மாடியிலேர்ந்தே விடுங்க."

ரேலீன் எந்தக் குரலில் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது. காலின் நாலு நிமிடம் கொடுத்தார். வசனம் எழுத ஆள் இல்லை என்றார். வசனம் வேண்டாம் என்றாள் ரேலீன். ஸ்டுடியோவின் கார் நிறுத்துமிடத்தில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், ஒரே டேக்கில் எடுத்தார்கள். சிஸ்டர் பெக் வெளியே வருகிறாள். உட்காருகிறாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைக்கிறாள். எழ முயற்சி செய்து, முடியாமல், தன் காலையே கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறாள். அவ்வளவுதான். இந்த முறை எதையும் வெட்டவில்லை. அந்தப் பகுதி ஏற்கெனவே நாலு நிமிடம் குறைவாக இருந்தது.

இருநூற்றுச் சொச்சம் கடிதங்கள் வந்தன. அநேகமாக எல்லாம் சிஸ்டர் பெக்குக்கு இரத்த சோகையா என்று கேட்டன. ஈரல் சாப்பிடச் சொல்லி முப்பது பேர். வாகா வாகா என்ற ஊரிலிருந்து ஒரு நர்ஸ் மட்டும் சின்னத் தாளில் எழுதியிருந்தாள்: 'இருபத்திரண்டு வருஷமாக நான் கார் நிறுத்துமிடத்தில் போய் உட்காருகிறேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.'

ரேலீன் அதை ஒப்பனை அறையில் நின்றபடி படித்தாள். இரண்டாவது முறை உட்கார்ந்து படித்தாள். அன்றைக்கு அவளால் படப்பிடிப்பு இருபது நிமிடம் தாமதமானது. ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. காலின் கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

மேவிஸிடம் போனில் கேட்டாள். "பாத்தியாம்மா?"

"பாத்தேன்." நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "கேன்டீன்ல அந்தச் சின்னப் பய தொண்டைல ரொட்டி அடைச்சுக்கிட்டான்ல, உனக்கு நினைவிருக்காது. தட்டி எடுத்துட்டேன். அப்புறம் ஸ்டோர் ரூம்ல போய் அப்படித்தான் உக்காந்திருந்தேன்."

"நீ சொன்னதே இல்லையேம்மா."

"யாரு கேட்டா?" என்றாள் மேவிஸ்.

எண்பத்தெட்டில் ஹார்க்னெஸ் வார்டு மொத்தமாக மூடப்பட்டது. அந்த இடத்தில் பரிசுப்போட்டி நிகழ்ச்சி ஒன்று வந்தது. யாரும் சாகவில்லை, வார்டின் விளக்கை மட்டும் அணைத்தார்கள். அதற்கு அடுத்த வருடம் ரேலீன் ஸ்பிரோ கராவாஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். மூன்று வருடமாக அவள் வீட்டுக் குழாய்கள் அடிக்கடி பழுதாகிக்கொண்டிருந்தன. பதிவு அலுவலகத்தில், இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்கிறாயா என்று கேட்டதற்கு ஸ்பிரோ, "சிஸ்டருக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்" என்றார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இருவரும் என்ன உறவு என்று விசாரித்தார். விளக்கிச் சொல்லக் கொஞ்சம் நேரமானது. அவள் இப்போது நர்ஸ் வேலையில் இல்லை என்பதை டெஸ்பினாவுக்குச் சொல்ல இன்னும் அதிக நேரமானது. பென்ஷன் வருமல்லவா என்று அந்த அம்மா கேட்டாள்.

பிறகும் ரேலீன் நடித்தாள். நீதிபதியாக, கால்பந்து வீரனின் தாயாக, பண்ணை விதவையாக, ஒரு முறை வெண்ணெய் விளம்பரத்தில் குரலாக. சிறந்த துணை நடிகை விருதுக்கு ஒரு தடவை பெயர் போனது, விருது வேறு ஒருத்திக்குப் போனது. விருந்தில் ஆட்டுக்கறி நன்றாக இருந்ததென்று வீட்டில் சொன்னாள். ஹோபார்ட்டில் எடுத்த ஒரு தொலைக்காட்சிப் படத்துக்காக மூன்று நாள் மழையில் நின்று, இருமலோடு திரும்பி வந்தாள்.

"எப்படிப் போச்சு சிஸ்டர்?" என்றார் ஸ்பிரோ, சூப்பைச் சூடாக்கியபடி.

"ஒரு காட்சி நல்லா வந்துச்சு."

"வெட்டாம விடுவாங்களா?"

"தெரியல. எடுத்தப்போ நல்லா இருந்துச்சு."

இப்போதும் வருடத்துக்கு இரண்டு முறை நடிக்கக் கூப்பிடுகிறார்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னால் வரமாட்டேன் என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். ஆறரைக்கு வரச்சொல்கிறார்கள். போகிறாள்.